நோயுற்ற தொட்டி மீனும் அதன் நீரும்

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன் இரை எடுக்க மறுத்து மூலையில் ஒதுங்கினாலும், நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலும், அதற்கு ஏதோ தொற்றுநோய் கண்டுவிட்டதென முடிவு செய்து மருந்து தேடுவது வழக்கமாக உள்ளது. கடையில் கிடைக்கும் நீல நிறத் திரவத்தில் சில துளிகள் ஊற்றப்படுகின்றன. இரண்டொரு நாளில் மீன் இறந்துவிடுகிறது. மருந்து பலிக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. உண்மையில் பல சமயங்களில் அந்த மீனை எந்தக் கிருமியும் தாக்கியிருப்பதில்லை. அது தன் கழிவிலேயே ஊறி நஞ்சேறிக் கிடந்திருக்கும். கிருமி தாக்கிய மீன்களிலுங்கூட, நீர் கெட்டு உடல் தளர்ந்த பின்னரே கிருமிக்கு இடம் கிடைத்திருப்பது பெரும்பாலும் காணப்படும். ஆகவே நோயுற்ற தொட்டி மீனுக்குச் செய்யவேண்டிய முதற் சிகிச்சை, அதன் நீருக்குச் செய்யும் சிகிச்சையே ஆகும்.

பள்ளியில் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது ஓர் அறிவியல் பாடம். களப் பணியாளருக்கோ இது ஒரு குடும்பத்தின் வருவாயைப் பற்றியது. மேற்கு வங்கத்தின் ஹௌரா, 24 பர்கானாப் பகுதிகளிலும், சென்னையில் கொளத்தூரிலும், பிற மாநிலங்களில் ஆங்காங்கேயும் வீட்டுப் புறக்கடையில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்து விற்போர் பலர் உளர். 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் இத்தகைய புறக்கடை வளர்ப்புக்கு உதவி வழங்க இடம் அளிக்கப்பட்டது. கடன் வாங்கித் தொழில் தொடங்கிய ஒருவர் ஒரே வாரத்தில் ஒரு தொட்டி மீன்கள் அனைத்தையும் இழப்பாராயின், மறுபடி அத்தொழிலில் அவர் கை வைப்பது கடினம். மருந்துக்குச் செலவழித்த பணம் அந்த இழப்போடு சேர்கிறதே ஒழிய அதனைத் தடுப்பதில்லை.

தொட்டியில் நிகழ்வது என்ன?

ஆற்றிலோ குளத்திலோ வாழும் மீனின் கழிவு பெருநீரில் கலந்து கரைந்துவிடுகிறது. தொட்டி மீனுக்கு அந்த வசதி இல்லை. அது உண்பதும், சுவாசிப்பதும், கழிப்பதும் ஒரே குடம் நீரில்தான். இந்தச் சிறு உலகில் ஒரு சமநிலையை உண்டாக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு தொட்டியில் வைத்து அவர் நடத்திய சோதனை 1850ஆம் ஆண்டில் லண்டன் இரசாயனச் சங்கத்தில் தெரிவிக்கப்பட்டது. செடியின் இலைகள் அழுகி நீரைக் கெடுக்கவே, அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளையும் அவர் சேர்த்தார். அதன்பின் நீர் தெளிந்தது. செடி பிராணவாயுவைத் தருகிறது, நத்தை அழுகலை அகற்றுகிறது, மீன் நலமாக இருக்கிறது என்பது அவருடைய முடிவு. முடிவு சரியானதே. ஆயினும் அந்தத் தொட்டியில் மிக முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பதை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

மீன் உண்ணும் இரையிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நாமும் பிற பாலூட்டிகளும் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீன் அவ்வளவு சிரமப்படுவதில்லை. அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செவுள்கள் வழியாக நேரே நீரில் விட்டுவிடுகிறது. சுற்றியுள்ள நீரில் அம்மோனியா குறைவாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. நீரில் அதன் அளவு மிகுந்துவிட்டால், செவுளிலிருந்து வெளியேற வேண்டிய அம்மோனியா வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்குகிறது, நரம்புகளைத் தாக்குகிறது, செவுளின் மெல்லிய இழைகள் தடித்துப்போகின்றன. தடித்த செவுள் பிராணவாயுவைச் சரிவர இழுக்காது. மேற்பரப்பில் வாய் திறக்கும் மீனின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

இந்த அம்மோனியாவைச் சில நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய அறிஞரான வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து இத்தகைய உயிர்களை 1890ஆம் ஆண்டையொட்டிப் பிரித்துக் காட்டினார். மீன் தொட்டிகளிலும் அதே இனங்களே வேலை செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல்கள் கூறிவந்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு வகை எனக் காட்டியது. அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா வகை உயிர் ஒன்று 2005ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தனித்து வளர்க்கப்பட்டபோது, அது எடுக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சிச்சாலையின் தொட்டியாகும். இரு படிகளையும் ஒரே உயிர் தனியே செய்து முடிக்கக்கூடும் என்பது 2015ஆம் ஆண்டில் தெரியவந்தது. பாடநூல்களில் இன்னும் பழைய பெயர்களே இருப்பின் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

இவ்வுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிடச் சரளையின் மேலும், வடிகட்டியின் பஞ்சிலும், தொட்டிச் சுவரிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டே மிகுதியாக வாழ்கின்றன. மிக மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியொன்றில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும். பின்னர் நைட்ரைட் உயர்ந்து தாழும். முடிவில் நைட்ரேட் மட்டும் சிறிது சிறிதாகச் சேரும். தொட்டி வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன்களை விடும் ஒருவருடைய மீன்கள் இரண்டாம் வாரத்தில் வரிசையாக இறப்பதற்குக் காரணம் இதில் அடங்கியுள்ளது. வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் வாழும் பொன்மீனுக்கு இந்தத் துணைகூட இல்லை. அந்தக் கிண்ணம் மேசைக்கு அழகுதான்; மீனுக்கு உறைவிடம் அன்று.

ஒரு கணக்கு

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க கணக்கு ஒன்று இங்கே தரப்படுகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். விளிம்புவரை நிரப்பாமல் விட்டால் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். புரதம் மிகுந்த உலர் இரை 1 கிலோகிராம் உண்ணப்படுமாயின் சுமார் 30 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படும் என்பது மீன் வளர்ப்போர் கொள்ளும் கணக்கு. எனவே நாளொன்றுக்கு 1 கிராம் இரை இட்டால் 30 மில்லிகிராம் வெளிப்படும். 50 லிட்டருக்கு அதனைப் பங்கிட்டால், லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் ஏறும். நுண்ணுயிர்ப் படலம் அமையாத தொட்டியில் ஐந்து நாட்களில் இது 3 மில்லிகிராம் ஆகிவிடும்.

நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் என்ன ஆகும்? ஏற்றமும் இறக்கமும் ஓரிடத்தில் ஈடுகட்டிக்கொள்ளும்: மாற்றுவதற்கு முன் 1.8 மில்லிகிராம், மாற்றிய பின் 1.2 மில்லிகிராம். நாள்தோறும் பாதி நீரை மாற்றினால் முறையே 1.2, 0.6 என நிற்கும். பாதி நீரை மாற்றுவதோடு இரையையும் பாதியாகக் குறைத்தால் 0.6, 0.3 என்று ஆகும். இரையை நிறுத்திவிட்டால் ஓரிரு நாட்களில் நீர் ஏறக்குறையத் தூய்மையாகிவிடும். நீரை மாற்றுவதும் இரையைக் குறைப்பதும் சேர்ந்து செய்யப்படவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நோயுற்ற மீன் தேறவேண்டுமென்று கூடுதலாக இரை போடுவது பாசத்தால் செய்யப்படுவதே; ஆனால் மீனுக்கு அது தீங்கு. வளர்ந்த மீன் சில நாட்கள் இரையின்றி இருந்தால் கெடுதல் இல்லை. குஞ்சுகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

இனி இக்கணக்கில் மறைந்துள்ள ஒரு நுட்பத்தைக் காணவேண்டும். நீரிலுள்ள அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் நஞ்சாக இருப்பதில்லை. அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்னும் அயனி வடிவில் இருக்கும். அது அதிகத் தீங்கு செய்வதில்லை. எஞ்சிய, அயனியாகாத பகுதியே செவுளுக்குள் எளிதில் புகும் நஞ்சு. இவ்விரண்டின் விகிதத்தை நிர்ணயிப்பவை நீரின் பி.எச். எண்ணும் வெப்பநிலையும் ஆகும். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், பி.எச். 7 ஆக உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 0.8 பங்கே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு 7.5 பங்காகும்; 9 ஆனால் 45 பங்காகிவிடும். நஞ்சு வடிவின் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நலம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மேலே கண்ட 1.8 மில்லிகிராம் கொண்ட தொட்டியில் பி.எச். 7 ஆயின் நஞ்சு 0.014 மில்லிகிராம்தான், மீன் சமாளித்துக்கொள்ளும். பி.எச். 8 ஆயின் 0.135 மில்லிகிராம், அது செவுளைச் சிதைக்கும் அளவாகும். ஒரே எண்ணிக்கை மீனும், ஒரே அளவு இரையும் உள்ள இரு வீடுகளில், மென்னீர் கிடைக்கும் வீட்டில் மீன் பிழைப்பதும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்றுநீர் உள்ள வீட்டில் இறப்பதும் இதனால் நேரக்கூடும்.

முழுதாக மாற்றுவதன் ஆபத்து

"தண்ணீரை மாற்றியதும் மீன் செத்துவிட்டது" என்பது களப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு. அதனை அறியாமைப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. சொல்பவர் கண்டதைத்தான் சொல்கிறார். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது, பல மாதங்கள் நீர் மாற்றாமல் விட்ட பழைய தொட்டி. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகி, நீரிலுள்ள பைகார்பொனேட்டைத் தின்றுகொண்டே வரும். அது தீர்ந்ததும் பி.எச். எண் 6 வரையிலும் இறங்கிவிடும். அந்நிலையில் நுண்ணுயிர்கள் சோம்பிவிடுகின்றன, அம்மோனியா சேர்கிறது. ஆனால் அமிலத்தன்மையால் அது அம்மோனியம் வடிவிலேயே இருப்பதால் மீன் எப்படியோ உயிர் வாழ்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இத்தகைய தொட்டியில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அம்மோனியா இருப்பதாகக் கொள்வோம். நஞ்சு வடிவம் 0.003 மில்லிகிராம்தான். இதில் பாதியை எடுத்துவிட்டு, பி.எச். 8 உள்ள குழாய்நீரை ஊற்றி, தொட்டியின் பி.எச். 7.5 ஆனால், மொத்த அம்மோனியா 2 மில்லிகிராமாகக் குறைந்தபோதிலும் நஞ்சு வடிவம் 0.05 மில்லிகிராமாக உயர்ந்துவிடும். நீர் தூய்மையாயிற்று, நஞ்சோ பதினைந்து மடங்காயிற்று. எனவே நெடுநாள் புறக்கணிக்கப்பட்ட தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுத்து, காலையும் மாலையுமாகப் பல நாட்களுக்குச் சிறிது சிறிதாக மாற்றிவரவேண்டும். தொட்டி நீரின் பி.எச். எண்ணும் புதுநீரின் எண்ணும் அரை அளவுக்குமேல் வேறுபடாத தொட்டியாயின் முதல் நாளிலேயே பாதி நீரை மாற்றத் தடையில்லை.

இரண்டாவது காரணம் குளோரின். குடிநீரில் கடைசிக் குழாய்வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மனிதருக்குக் காப்பாகும் இந்த அளவு மீனின் செவுளுக்கு ஆகாது. வடிகட்டியிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. அகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்து ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால், குறிப்பாக அவ்வப்போது கலக்கிவிட்டால், குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரத்திற்குச் சோடியம் தயோசல்பேட்டைப் பயன்படுத்தலாம். முன்னாளில் புகைப்படக்காரர்கள் ஹைப்போ என வழங்கிய படிகமே இது. 10 கிராம் படிகத்தை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் குழாய்நீருக்கு 5 மில்லிலிட்டர் வீதம் சேர்த்தால் சாதாரணக் குடிநீரிலுள்ள குளோரினுக்குப் போதும். சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் குளோரமீனாக இடுவர். அது திறந்து வைப்பதால் எளிதில் போகாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மூன்றாவது காரணம் அளவு கடந்த சுத்தம். தொட்டியைக் காலி செய்து, சரளையைச் சோப்பு நீரில் அலசி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பளபளக்கும் தொட்டியில் புதுநீர் நிரப்பி மீன்களை மறுபடி விடுவோர் உளர். ஒரு மாதம் முயன்று வளர்ந்த நுண்ணுயிர்ப் படலம் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. மூன்றாம் நாள் மீன்கள் வாடுகின்றன. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலசவேண்டும். சரளையைக் கழுவும் வாரத்தில் பஞ்சைத் தொடக் கூடாது. மின்சாரம் பல மணி நேரம் நின்றுவிட்டாலும், மூடிய வடிகட்டியினுள் பிராணவாயு தீர்ந்து இதே விளைவு ஏற்படும். அவ்வேளையில் பஞ்சை எடுத்துத் தொட்டி நீரின் மேற்பரப்பருகில் வைத்து, சொம்பால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருப்பது நல்லது.

முதல் நாள் செய்யவேண்டியவை

மீன் நோயுற்றதாகத் தெரிந்ததும் இரையை நிறுத்தவேண்டும். கீழே கிடக்கும் எச்சத்தையும் தின்னப்படாத இரையையும் ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும். அப்போது வெளிவரும் நீரே மாற்றப்படும் நீராகவும் அமையும். புதுநீரின் வெப்பம் தொட்டி நீரின் வெப்பத்திலிருந்து இரண்டு டிகிரிக்குமேல் வேறுபடாதிருத்தல் வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது போதாது. விலை குறைந்த வெப்பமானி ஒன்று பள்ளியில் இருக்கும்.

காற்றுக் குழாயை இடைவிடாது இயக்கவேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் நன்னீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமையே தாங்கும். கோடையில் மீனின் தேவை கூடும்போது நீரின் இருப்பு குறைகிறது. அன்றியும் 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நுண்ணுயிர்கள் நாலரை மில்லிகிராம் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. இரவில் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து, பகலில் சரியாகிவிடுமானால், குறை பிராணவாயுவில்தான் என்று கருத இடமுண்டு.

மற்ற அறிகுறிகளும் ஓரளவு வழிகாட்டும். நீர் மாற்றிய சில நிமிடங்களில் மீன்கள் தறிகெட்டு ஓடினால் குளோரின் இருக்கலாம். செவுள் சிவந்து அல்லது ஊதா படர்ந்து, துடுப்புகள் உடலோடு ஒட்டி, அவற்றில் இரத்தக் கோடுகள் தெரிந்தால் அம்மோனியாவை ஐயுறலாம். செவுள் பழுப்பு நிறமாகத் தோன்றி, நிறையக் காற்று செலுத்தியும் மீன் மூச்சுக்குத் தவித்தால் அது நைட்ரைட் ஆகலாம். நைட்ரைட் இரத்தத்தின் சிவப்புப் பொருளை மாற்றிப் பிராணவாயுவைச் சுமக்க இயலாததாக்கிவிடுகிறது. ஆனால் அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்தே வரும் என்பதால், துளியிட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்வது மருந்துகளை வாங்கி அடுக்குவதைவிடச் சிக்கனம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நெஸ்லர் கரைசல் இருக்கக்கூடும். அதில் பாதரசம் உள்ளதால் மாணவர் கையில் கொடுக்கலாகாது.

நைட்ரைட்டுக்கு எளிய மாற்று சமையலறையிலேயே உள்ளது. உப்பிலுள்ள குளோரைடு, மீனின் செவுள் வழியாக நைட்ரைட் புகுவதைப் போட்டியிட்டுத் தடுக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு, அதாவது நம் 50 லிட்டர்த் தொட்டிக்கு 50 கிராம், லிட்டருக்கு 600 மில்லிகிராம் குளோரைடைத் தரும். இது தாராளமாகப் போதும். உப்பினால் வேறொரு பயனும் உண்டு. நன்னீர் மீனின் உடலுக்குள் வெளிநீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருப்பதால், நீரை வெளியேற்றவும் உப்பைத் தக்கவைக்கவும் அது எப்போதும் உழைக்கவேண்டியுள்ளது. செவுள் பழுதான மீனுக்கு இச்சுமை மிகுதி. வெளிநீரில் சிறிது உப்பு இருந்தால் சுமை குறைகிறது. உப்பைத் தனியே கரைத்து, சில மணி நேரத்தில் பல தவணையாகச் சேர்க்கவேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. ஆகவே வற்றிய அளவுக்கு வெறும் நீரும், எடுத்து மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு நீரும் விடவேண்டும். செதிலற்ற கெளுத்தி வகைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

ஒரு மீன் மட்டும் நோயுற்றிருந்தால் அதனைச் சரளையில்லாத, 15 அல்லது 20 லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றி, காற்றுக் குழாய் இட்டு, மேலே வலை போர்த்தி, நாள்தோறும் பாதி நீரை மாற்றிவரலாம். பல மீன்கள் ஒருங்கே வாடினால் வாளி உதவாது. கெட்டிருப்பது தொட்டி நீர்.

மருந்து எப்போது?

மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வெண்புள்ளி நோயில் மீனின் தோலில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இதற்குக் காரணம் இக்தியோப்திரியஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதனைத் தீண்டாது. முதிர்ந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறையிட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான குட்டி உயிர்களாகப் பிரிகிறது. அவை நீந்தி ஓரிரு நாட்களுக்குள் வேறு மீனைப் பற்றவேண்டும், இல்லையேல் மடியும். மருந்து வேலை செய்வது இந்த நீந்தும் பருவத்தில் மட்டுமே. ஆதலால் புள்ளிகள் மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துவது தவறு. இந்நோயிலும் நீர்ப் பராமரிப்புக்குப் பங்கு உண்டு: அடித்தளத்தை நாள்தோறும் குழாயால் உறிஞ்சி எடுப்பது உறைகளில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது.

துடுப்பு அழுகலும் தோற்புண்ணும் வேறு வகை. இவற்றை உண்டாக்கும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நல்ல தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. மீன் தளர்ந்த நேரம் பார்த்துப் பற்றுகின்றன. நீரைச் சீராக்கினால் தொடக்க நிலையிலுள்ள துடுப்பு அழுகல் பெரும்பாலும் தானே நின்றுவிடும். கண்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் போடும் பழக்கத்தைக் களப் பணியாளர்கள் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். அது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதோடு, வடிகட்டியிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கக்கூடும். முதலில் குறிப்பிட்ட நீலத் திரவமும் பெரும்பாலும் மெத்திலீன் நீலமே. அதுவும் அவற்றுக்குக் கேடு. மருந்து ஊற்றிய தொட்டியில் சில நாட்களில் அம்மோனியா ஏறி மீன் இறந்தால், பழி நோயின்மேல் விழுகிறது.

தேறுதலும் அதன்பிறகும்

பிராணவாயுக் குறைவிலிருந்து மீன் சில மணி நேரத்தில் மீளும். நைட்ரைட்டால் பழுப்பேறிய செவுள் நல்ல நீரில் சில நாட்களில் சிவக்கும். அம்மோனியாவால் தடித்த செவுள் சீராகப் பல நாட்கள் பிடிக்கும். சில மீன்கள் தேறாமலே போவதும் உண்டு. அரிக்கப்பட்ட துடுப்பின் விளிம்பில் நிறமற்ற, தெளிவான மெல்லிய சவ்வு தோன்றுமாயின் அது புது வளர்ச்சி. அதனைப் பூஞ்சணம் என எண்ணி மருந்திடலாகாது. மீன் நிமிர்ந்து நீந்தி, துடுப்பை விரித்து, ஆளைக் கண்டு முன்னே வரும்போது, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு இரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துத் தொடங்கலாம். அடுத்த நாள் அம்மோனியாச் சோதனையில் நிறம் ஏறவில்லையெனில் அளவை உயர்த்தலாம். பிறகு வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீர் மாற்றுவது, மீன் நெருக்கம் இல்லாத தொட்டிக்குப் போதுமானது. புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரங்களேனும் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

மாற்றி எடுத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் அதனைப் பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ சேர்த்த நீரை ஊற்றக் கூடாது. அந்நீரையும், பிழைக்காது எனக் கருதும் மீனையும், வளர்க்க விருப்பமில்லாத மீனையும் ஏரி, குளம், வாய்க்கால்களில் விடுதல் ஆகாது. தொட்டிகளிலிருந்து அவ்வாறு விடப்பட்ட தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் இந்தியாவின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துவருகின்றன.